மண்ணுக்குள் போன அண்டா

நம் வயதுக்காரர்களோடு வெளியூர் போய்த் தங்குவதில் எனக்கு ஒரு தொல்லை உண்டு. அறைக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவர் போன் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைத் தடவுவார். பிளக் நுழையாது. உடனே பையிலிருந்து பேனாவை எடுத்து, மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் குத்தி, கீழே இரண்டையும் சொருகிவிட்டு, பெரிய இன்ஜினியர் போல நிமிர்ந்து பார்ப்பார். போன மாதம் நாம் போன இடத்திலும் அதுதான் நடந்தது. "அந்த மூணாவது ஓட்டையை எதுக்குத்தான் வெச்சுத் தொலைக்கிறான்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதாகப் பிறகு என்னைக் கிண்டல் செய்தீர்கள்.

கோபம் ஒன்றும் இல்லை. அந்த மூன்றாவது ஓட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் என் பதினோராவது வயதுக்குப் போக வேண்டும். அங்கே நான் யாரிடமும் சொல்லாத ஒன்று கிடக்கிறது. இத்தனை வயதுக்கு மேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மாரண்டஹள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் தக்காளிக் காட்டிலும் ராகிக் காட்டிலும் இருக்க, எங்கள் குடும்பத்தில் முதலில் சம்பள வேலைக்குப் போனவர் அவர்தான். அவரிடம் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோவை நினைக்காதீர்கள். நாமே பேசி, எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் பேசுவதை வாங்கிக் கேட்கிற ரேடியோ. அதற்குப் பெங்களூர் போய்ப் பரீட்சை எழுதினார். கட்டுக்கட கட்டுக்கட என்று தந்தி அடிக்கவும் பழகினார். சோறு போட அம்மா தாமதித்தால் தட்டில் விரலால் அந்தத் தந்தியைத்தான் அடிப்பார். "என்ன திட்டறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்பாள் அம்மா. அவளுக்குத் தந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

முன்பு ராகி மூட்டை அடுக்கியிருந்த பின்கட்டு அறைதான் ரேடியோ ரூம். மேசைமேல் இரும்புத் தகட்டில் அப்பாவே செய்து சாம்பல் நிறம் அடித்த ஒரு பெட்டி. சுவிட்சைப் போட்டால் உள்ளே கண்ணாடி வால்வு மெதுவாகச் சிவக்கும். கொஞ்ச நேரத்தில் சூடான தூசி, வார்னிஷ், பழைய ராகி மூன்றும் கலந்து ஒரு வாசனை கிளம்பும். இன்றைக்கும் ராகி வறுக்கும்போது, எங்கே அந்த வார்னிஷ் வாசனை வரவில்லையே என்று என் மூக்கு தேடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா மாதா கோயில் வாசலில் ஒருவரிடமும் நின்று பேசாமல் வீட்டுக்கு ஓடிவருவார். பெங்களூர்க்காரர் ஒருவர், கொச்சிக்காரர் ஒருவர், கொழும்புக்காரர் ஒருவர் எல்லோரும் அந்த நேரத்துக்குப் பெட்டிக்குள் வந்துவிடுவார்கள். "பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேச மனுசனுக்கு நேரமில்ல, கொழும்புல மழை பேஞ்சுதான்னு மட்டும் தெரியணும்" என்று அம்மா குழம்பைக் கிளறுவாள்.

அந்த ரூமுக்குள் நுழைய விதிகள் இருந்தன. அப்பா பெட்டியைத் திறந்து வேலை செய்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் வேட்டிக்குள் சொருகிக்கொள்வார். இரண்டு கையும் பெட்டியில் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகுமாம். காலுக்குக் கீழே ஒரு பலகை, அதன்மேல் லாரி டயரில் வெட்டிய ரப்பர். அணைத்த பிறகும் பெட்டிக்குள் கரண்ட் கொஞ்சம் தங்கியிருக்கும் என்று, கொக்கி வைத்த ஒரு மூங்கில் கோலால் அதைத் தொட்டு இறக்குவார். அப்போது பட்டென்று ஒரு நீலப் பொறி தெறிக்கும். அடுத்தது கருவிகள். சுவரில் ஒரு பலகை அடித்து, ஸ்பேனர், குறடு, திருப்புளி ஒவ்வொன்றின் உருவத்தையும் சிவப்புப் பெயின்டால் வரைந்து வைத்திருந்தார். எடுத்ததை அந்த உருவத்தின் மேலேயே மாட்ட வேண்டும். கழற்றிய போல்ட்டும் நட்டும் பிஸ்கட் டின்னுக்குள் போக வேண்டும். வீட்டில் வேறு எது கலைந்து கிடந்தாலும் அவருக்குக் கண்ணில் படாது.

கதவை ஒட்டி ஒரு மெயின் சுவிட்ச். அதன் இரும்புக் கைப்பிடிக்கும் சிவப்புப் பெயின்ட். அதற்கு ஒரு ஒத்திகையே உண்டு. எதிர்பாராத நேரத்தில் அப்பா "ஆ" என்று கத்திவிட்டு, கண்ணை உருட்டி, விறைத்து நிற்பார். முதல் தடவை நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"போச்சு. ரெண்டு பேரும் செத்தோம்" என்றார். "என்னைத் தொடாத. அழுவாத. மொதல்ல சுவிட்ச். அப்புறமா எவ்ளோ வேணும்னாலும் அழு."

அடுத்த தடவையிலிருந்து நான் சுவிட்சுக்கு ஓடினேன். அம்மா மட்டும் கடைசிவரை தேறவில்லை. அவர் கண்ணை உருட்டும்போதே சிரித்துவிடுவாள்.

அந்தக் கோடையில் பெட்டி லேசாகக் கடிக்க ஆரம்பித்தது. வெளிப்பக்கம் புறங்கையை வைத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். எங்கள் வீட்டு வயரிங்கில் இரண்டு கம்பிதான். நீங்கள் பேனா குத்துகிற ஓட்டைக்கு வரும் மூன்றாவது கம்பி என்ற பேச்சே அந்த ஊரில் இல்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்:

"பெட்டிக்குள்ள எங்கனா ஒரு கம்பி வுட்டுப்போச்சுன்னா கரண்டு பெட்டி மேல வந்து நிக்கும். அது போறதுக்கு ஒரு வழி வேணும். மண்ணுக்கு வழி போட்டு வெச்சா அந்தப் பக்கம் போயிடும், ப்யூஸ் போயிடும், நாம தப்பிச்சுக்கலாம். வழி இல்லன்னு வெச்சுக்க, நம்ம மேல ஏறித்தான் போவும்."

வழி போட ஒரு செப்புத் தகடு வேண்டும். அப்பாவின் கண் அம்மாவின் அண்டாமேல் விழுந்தது. கல்யாணத்துக்கு அம்மாவின் அப்பா கொடுத்த வெந்நீர் அண்டா அது. அடியில் ஓட்டை விழுந்து மூலையில் கிடந்தாலும் அம்மா அதை விற்க விட்டதில்லை. இரண்டு நாள் கெஞ்சல் நடந்தது. மூன்றாம் நாள் அம்மா "எடுத்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா அண்டாவின் கழுத்தை ஒட்டி அறுத்து, உடம்பைப் பிரித்து, சுத்தியலால் தட்டித் தட்டித் தட்டையாக்கினார். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அடித்திருந்த அம்மாவின் பெயர் குறுக்கே அறுபட்டது. எழுத்துகளின் மேல் பாதி கழுத்தோடு நின்றது, கீழ்ப் பாதி தகட்டோடு வந்தது. மிச்சமான கழுத்து வளையத்தைக் கோழிக்குஞ்சுகளுக்கு வேலியாக அம்மா வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பரம்பரையாகக் காடு வைத்திருக்கும் குடும்பம். மாமியாரை நான் பெரியம்மா என்பேன், மருமகளை அக்கா என்பேன். அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கூட்டாளி. எனக்குத் தலை வாரி, கனகாம்பரம் வைத்து, கல்லாங்காய் ஆடித் தோற்றுக்கொடுத்தவள். அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அப்போது மூன்றாவது முறை, ஐந்து மாதம். எட்டிப் பறிக்கக்கூடாது, குனியக்கூடாது என்று பெரியம்மா அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா குழிக்கு இடம் பார்த்தது வேலியோரம், எங்கள் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். எப்போதும் ஈரமாக இருக்கிற இடம் அதுதான். எங்கள் ஊர் மண்ணில் இடுப்பளவுக்குக் கீழே பாறை. இடுப்பளவு தோண்டி நிறுத்தினார். உப்பும் அடுப்புக்கரியும் ஒரு கூடை சேர்த்தார். தகட்டில் பச்சைக் களிம்பு இருக்கக்கூடாது, எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவு என்று என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் எலுமிச்சை இல்லை. நான் வேலி ஓரம் நின்று அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்குக் கண்ணு?"

"எங்கப்பா கேட்டாருக்கா."

அவள் தன் வீட்டு மரத்திலிருந்து நான்கு பழம் பறித்துக் கொடுத்தாள். நான் அவற்றை இரண்டிரண்டாக வெட்டி, உப்பைத் தொட்டுத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, வெட்டிய மூடிகளைக் குழியிலேயே எறிந்தேன். அப்பா தகட்டில் கம்பியைப் போல்ட் போட்டு இறுக்கி, குழிக்குள் நிறுத்தி, உப்பு ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று கொட்டினார். தண்ணீர் ஊற்ற ஒரு குழாயை நட்டு மண்ணை மூடினார். உச்சி வெயில் நேரம். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அமாவாசையும்கூட. எங்கள் வீட்டில் அமாவாசை யாருக்குத் தெரியும்? எங்கள் காலண்டரில் புனிதர்களின் நாள்தான் இருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா நின்று கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது நினைத்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. அமாவாசை உச்சியில், பிள்ளைத்தாய்ச்சி வீட்டு வேலியோரம், அவள் கையாலேயே எலுமிச்சம்பழம் வாங்கி, புரியாத எழுத்துப் பொறித்த செப்புத் தகட்டை உப்போடும் கரியோடும் புதைத்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? மந்திரவாதிகூட அத்தனை முறையாகச் செய்திருக்க மாட்டான். 'இது கரண்டுக்கு' என்று வேலியைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அப்பா சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்று நினைத்திருப்பார். கொழும்புக்காரருக்கு எல்லாம் விளக்கிச் சொன்னவர் அவர்.

நான்கு நாளில் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்து, பாலக்கோடு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்க வைத்தார்கள். நல்லவேளை, கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தவள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெரியம்மா வேலியில் வேப்பிலைக் கொத்தைச் சொருகினார். அம்மா கொடுத்தனுப்பிய ரசம் அப்படியே திரும்பி வந்தது. "நாம என்ன பண்ணோம்?" என்று அம்மா இரண்டு நாள் புலம்பினாள்.

ஒரு மத்தியானம் அப்பாவும் அம்மாவும் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டுப் போனால், அக்கா கையில் மண்வெட்டியோடு குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வெட்டு வெட்டியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. மாமியாருக்குத் தெரியாமல் வந்திருந்தாள். தெரிந்தால் மாமியார் ஊரைக் கூட்டி அப்பாவை நிறுத்தி வைத்துக் கேட்பார், அது வேண்டாம், தானே எடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறாள்.

"எம்புள்ள நிக்கணும் கண்ணு. இந்தத் தகட்டை மட்டும் எடுத்துக்கறன். யாருக்கும் சொல்ல மாட்டன்."

"அது எங்கம்மாவோட அண்டாக்கா. கரண்டுக்கு வெச்சிருக்கறது."

"உனக்குத் தெரியாது. பெரியவங்க இதெல்லாம் புள்ளைங்ககிட்டச் சொல்ல மாட்டாங்க."

அப்போது ஒரே ஒரு நொடி, அப்பா ஏதாவது செய்திருப்பாரோ என்று நானும் நினைத்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அக்கா மறுபடியும் மண்வெட்டியைத் தூக்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. மண்வெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஆமாம், தோண்டியவள் நான்தான். புதிதாக மூடிய மண், பொலபொலவென்று வந்தது. தகடு தெரிந்தது. கம்பி போல்ட்டோடு இறுகி நின்றது. நான் உள்ளே போய்ப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவந்து கழற்றினேன். அக்கா தகட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். போகும்போது என் தலையைத் தொட்டு, "உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று அழுதாள். நான் மண்ணைத் தள்ளி மூடி, மிதித்து, கம்பியின் முனையை ஈர மண்ணில் ஒரு முழம் ஆழத்துக்குச் சொருகினேன். கம்பி மண்ணில்தானே இருக்கிறது, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்பேனரைத் துடைத்து அதன் சிவப்பு உருவத்தின் மேல் மாட்டினேன். போல்ட்டையும் நட்டையும் டின்னில் போட்டேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் அல்லவா? அந்த ஒரு விதியை மட்டும் நான் மீறவில்லை.

சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை வாயெடுத்தேன் தெரியுமா? சொன்னால் அப்பா மறுபடியும் புதைப்பார், அக்காவின் குழந்தை போய்விடும். சொல்லாவிட்டால் பெட்டி அப்பாவைப் பிடிக்கும். பதினோரு வயதில் இரண்டு உயிரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்டி முன்னால் உட்கார்ந்ததும், நான் போய்ச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் எழுந்திருக்கும்வரை நின்றேன். அடுத்த ஞாயிறும் நின்றேன்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, எம்பொண்ணுக்கு ரேடியோ ஆசை வந்துடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். பெங்களூர்க்காரரிடம் கன்னடத்தில் சொன்னார். கொழும்புக்காரர் பெட்டிக்குள்ளிருந்து எனக்கு வாழ்த்துச் சொன்னார். நான் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு. முதல் நாள்தான் அம்மா ரூமைக் கழுவ ஆரம்பித்து, பாதியில் விட்டு, காலையில் முடித்திருந்தாள். தரை ஈரம். பலகையும் டயர் ரப்பரும் வெயிலில் காய்ந்தன. பூசை முடிந்து வந்த அப்பா நேரமாகிவிட்டது என்று வெறுங்காலோடு உட்கார்ந்துவிட்டார். அவர் தன் விதியை மீறி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நான் ஓடிப்போய் ரப்பரை எடுத்து வந்திருக்கலாம். சுவிட்சை விட்டு நகரப் பயமாக இருந்தது.

பெட்டி சூடேறியது. வார்னிஷ் வாசனை வழக்கத்தைவிடக் காரமாக வந்தது. அப்பா முகர்ந்து பார்த்து, பெட்டியைக் கொஞ்சம் திருப்புவதற்காக வலது கையை அதன்மேல் வைத்தார். இடது கை, பழக்கத்தில், முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

"ஆ" என்று கத்தவில்லை. ஒத்திகையில் செய்தது போலக் கண்ணை உருட்டவும் இல்லை. தொண்டையிலிருந்து ஒரு மாதிரிச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

நான் கைப்பிடியில் தொங்கினேன். சுவிட்ச் விழுந்தது. அப்பா நாற்காலியோடு சரிந்தார். அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன். அம்மா ஓடிவந்து இன்னும் பெரிதாகக் கத்தினாள்.

அப்பாவுக்கு உயிர் இருந்தது. உள்ளங்கையில் வெந்த புண். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "ப்யூஸ் ஏன் போவல?" என்பதுதான். தடுமாறி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நாங்களும் பின்னால் போனோம். குழிக்குப் போகும் கம்பியைப் பிடித்து லேசாக இழுத்தார். அது சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. நுனியைப் பார்த்தபடி நின்றார்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் வேலிப்படல் சாய்ந்தது. அப்பாவைக் கரண்ட் பிடித்துவிட்டது என்று அம்மா அலறியதைக் கேட்டு அக்கா வந்து கொண்டிருந்தாள், கையில் மஞ்சள் துணி சுற்றிய தகடு. அதை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டுமாம். கோடையில் தண்ணீர் எங்கே ஓடுகிறது? மழைக்குக் காத்து மூன்று வாரமாக மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

"வாத்தியாரண்ணா, நாந்தாங்க எடுத்தன். எம்புள்ளைக்காக எடுத்தன். உங்களுக்கு இப்பிடி ஆவும்னு தெரியாதுங்க" என்று தகட்டை அவர் காலடியில் வைத்துவிட்டு விம்மினாள்.

"நீயா? தனியாவா தோண்டின?"

"தனியாத்தாங்க."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பின்னாலேயே பெரியம்மா வந்துவிட்டார். மருமகள் திருட்டுத்தனமாகச் செய்த காரியம் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. "அமாவாசை உச்சியில தகடு புதைச்சது நீங்க. எழுத்து இருக்குது பாருங்க அதுல. அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

அம்மா கோழிக்குஞ்சுகளை விரட்டிவிட்டு, அண்டாவின் கழுத்து வளையத்தைக் கொண்டுவந்தாள். தரையில் உட்கார்ந்தாள். கோயிலுக்குக் கட்டிய சேலை மண்ணாவதைக்கூடப் பார்க்கவில்லை. தகட்டின் அறுத்த ஓரத்தில் வளையத்தை வைத்து மெதுவாக உருட்டினாள். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேர்ந்து ஓர் எழுத்து முழுசாயிற்று. இன்னும் கொஞ்சம் உருட்டினாள். அடுத்த எழுத்து. அக்கா ஐந்தாவது வரை படித்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாய்விட்டு வாசித்தாள். அம்மாவின் அப்பாவுடைய முதலெழுத்து, பிறகு அம்மாவின் பெயர்.

"இது உங்க பேருங்க" என்றாள் அம்மாவைப் பார்த்து.

"எங்கப்பா குடுத்தது" என்றாள் அம்மா. "இவருதான் அறுத்துப்போட்டாரு." அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள், அண்டாவுக்காகவா அப்பாவுக்காகவா என்று எனக்குத் தெரியாது.

பெரியம்மா தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "அமாவாசைன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா வெந்த கையோடு கும்பிட்டார். "சொல்லிட்டுச் செஞ்சிருக்கணுங்க. என் தப்பு" என்றார். ஊருக்கே பாடம் எடுத்த மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தகட்டை மறுபடி வைக்கப் பெரியம்மா ஒரு நிபந்தனை போட்டார். நாளும் நேரமும் அவர் பார்ப்பார். தன் வீட்டுக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கழித்து ஒரு புதன்கிழமைக் காலையைக் குறித்துக் கொடுத்தார். அக்காவின் புருஷன் கடப்பாரை போட்டுப் பாறையை உடைத்து இன்னும் இரண்டு முழம் ஆழமாக்கினார். அப்பா தகட்டின் போல்ட் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். ரூமுக்குள் போய் வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். வரும்போது கையில் பழைய போல்ட்டும் நட்டும் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரும் இருந்தன. உப்பைப் பெரியம்மா தன் கையால் போட்டார். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா அந்தச் செய்தியைக் கொழும்புவரை சொன்னார்.

பெட்டிக்குள்ளே டிரான்ஸ்பார்மர் வெந்துபோயிருந்தது. சேலத்திலிருந்து புதிதாகக் கட்டி வாங்கி, மூன்றாவது கம்பியை வீடு முழுவதற்கும் இழுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி யாரையும் கடித்ததில்லை.

என்னைப் பற்றி அப்பாவிடம் ஒரு கதை தங்கிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துச் சொன்னார். என் பிள்ளைகளுக்குச் சொன்னார். "மூணு ஞாயிறு சுவிட்ச் பக்கத்துலயே நின்னா. அன்னிக்கு அவ இல்லன்னா நான் இல்ல." சொல்லி முடித்ததும் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார். பெருமையாகப் பார்க்கிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை நான் சொல்லவில்லை.

போன மாதம் உங்கள் பேனாக் குத்தலைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. உங்களோடு திரும்பி வராமல் பாலக்கோட்டில் இறங்கினேனே, அது இதற்குத்தான். எங்கள் வீட்டை அக்கா வீட்டார்தான் வாங்கியிருக்கிறார்கள். மகள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள். அக்காவுக்கு மூட்டு வலி, ஆனாலும் அதே சிரிப்பு. கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள். துவைக்கும் கல் இருந்தது, குழாய் இருந்தது. அவர்கள் தண்ணீர் மோட்டாருக்கு இன்றைக்கும் எர்த் அந்த அண்டாதான்.

"அக்கா, அன்னைக்கு நான்தான் தோண்டினேன்னு அப்பாகிட்டச் சொல்லாமயே இருந்துட்டேன்" என்றேன்.

அக்கா என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "அது அவருக்கு அப்பவே தெரியுமே கண்ணு. குழியை மூடன அன்னிக்கே என்னைத் தனியா கூப்புட்டுக் கேட்டாரு. 'ஏம்மா, பதிமூணாம் நம்பரு ஸ்பேனரு எதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? அதை எங்க மாட்டணும்னு எப்பிடித் தெரியும்?' அப்பிடின்னாரு. நான் திருதிருன்னு முழிச்சன். சிரிச்சுட்டாரு. 'சரி, நீ எடுத்ததாவே இருக்கட்டும். அவளா எப்பச் சொல்றாளோ அப்பச் சொல்லட்டும், கேக்காத'ன்னாரு."

நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசியா உங்கப்பா வந்திருந்தப்பக்கூடக் கேட்டன். 'பாப்பா சொல்லிச்சுங்களா'ன்னு. 'இன்னும் இல்லம்மா'ன்னாரு."

நான் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அன்றைக்கு இன்னும் ஊற்றவில்லையாம். குடத்தைச் சாய்த்துக் குழாயில் ஊற்றினேன். களகளவென்று இறங்கியது. "நான்தாம்ப்பா எடுத்தேன்" என்று சொன்னேன். பிறகு மீதித் தண்ணீரையும் ஊற்றினேன்.